மோட்டோ குட்ஸி 850 டி3: பழைய இத்தாலிய வண்டியைப் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற 850 டி3 ஒன்று கைக்கு வந்தவுடன் எவருக்கும் முதலில் எழும் ஆசை, புதிய பேட்டரியைப் பொருத்தி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தி அந்த என்ஜினின் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான். அந்த ஆசையை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். சிலிண்டர்களின் உள்ளே என்ன நிலை என்று தெரியாமல் ஓடவிட்டால், சிலிண்டர், பிஸ்டன் மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்குகளையும் சேர்த்து முழு என்ஜினையும் பிரிக்கும் வேலையாகிவிடும். முதலில் உள்ளே பார்ப்பது, பிறகு ஆயில், பிறகு டேப்பட் (வால்வு இடைவெளி), அதன் பிறகு இக்னிஷன், கடைசியில்தான் கார்புரேட்டர் என்பதே இந்த வழிகாட்டியில் நான் பின்பற்றும் வரிசை. ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய வேலை சரியாக இருப்பதை நம்பியே நிற்பதால், வரிசையை மாற்றினால் செய்ததையே மறுபடி செய்ய நேரிடும்.

வண்டியைப் பற்றித் தேவையான அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உள்ள மாந்தெல்லோ தெல் லாரியோ என்ற சிற்றூரில் 1921 முதல் இயங்கிவரும் மோட்டோ குட்ஸி நிறுவனம், ஜூலியோ செசாரே கார்கானோ வடிவமைத்த 90 பாகை வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்கள் கொண்ட) என்ஜினை 1967இல் வி7 வண்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த என்ஜினுக்கு ஏற்ற தாழ்வான, நேரான குழாய்களால் ஆன சட்டகத்தை லீனோ தோந்தி 1971இன் வி7 ஸ்போர்ட்டுக்காக உருவாக்கினார். இந்த இரண்டின் வழித்தோன்றலாக 1975இல் வந்ததுதான் 850 டி3. இதன் சிலிண்டர் விட்டம் 83 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 78 மி.மீ., கொள்ளளவு 844 சி.சி. பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது. ஷாஃப்ட்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அதே காலத்துக் கலிபோர்னியா வகைக்கும், கார்புரேட்டர் போன்ற சில பகுதிகள் நீங்கலாக 1976இன் லெ மான் வகைக்கும் பொருந்தும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இந்த வண்டி முழுவதும் மெட்ரிக் அளவுகளால் ஆனது. நல்ல ரிங் ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், குறைந்த விசையையும் துல்லியமாகக் காட்டும் டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், இரட்டை வேக்குவம் கேஜ், டைமிங் லைட் ஆகியவை இருந்தால் ஏறத்தாழ எல்லா வேலைகளையும் வீட்டிலேயே முடிக்கலாம். இவற்றுள் டார்க் ரெஞ்ச் மட்டும் விலை குறைந்ததாக இருக்கக் கூடாது. என்ஜின் உறை முழுவதும் அலுமினியம். அதில் இறங்கும் 6 மி.மீ. போல்ட்டுகளை 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும். பழைய குட்ஸிகளில் நான் கண்ட சேதங்களில் பெரும்பாலானவை ஓட்டத்தால் தேய்ந்தவை அல்ல. முன்பு யாரோ அவசரத்தில் இறுக்கியதால் வந்தவை. வண்டியோடு வந்த கையேடு கிடைக்கவில்லை என்றால், அதன் மறுபதிப்பை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

முதல் படி: சிலிண்டரின் குரோம் பூச்சைச் சோதித்தல்

டி3யின் சிலிண்டர்கள் அலுமினியத்தால் ஆனவை. இரும்பு உறைக்குப் பதிலாக அவற்றின் உட்சுவரில் நேரடியாகக் கெட்டியான குரோம் பூசப்பட்டிருக்கிறது. புதிதாக இருந்தபோது அது சிறந்த ஏற்பாடு: எடை குறைவு, வெப்பம் விரைவாக வெளியேறும், தேய்மானமும் குறைவு. ஆனால் வண்டி நீண்ட காலம் நிற்கும்போது ஈரம் அந்தப் பூச்சின் நுண்ணிய பிளவுகள் வழியே உள்ளே புகுந்து, அடியிலிருக்கும் அலுமினியத்தை அரிக்கத் தொடங்குகிறது. அரிப்பு பரவும் இடத்தில் குரோம் பிடிப்பை இழந்து செதில் செதிலாக உரிகிறது. செதில்கள் பிஸ்டன் ரிங்குகளைக் கீறி, சம்ப்புக்குள் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள்) இறங்கி, ஆயிலோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிய பிறகு அவை தொடும் எதுவும் தப்புவதில்லை. இப்படிப்பட்ட சிலிண்டரைப் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடவும் வழியில்லை. கடைந்தால் பூச்சே போய்விடும்.

எனவே இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, வண்டியை மையத் தாங்கியில் நிறுத்தி, ஐந்தாவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். பிளக் இல்லாததால் என்ஜின் எளிதாகச் சுற்றும். ஒவ்வொரு பிஸ்டனும் கீழே இறங்கியிருக்கும் நிலையில், பிளக் துளை வழியாக ஒரு சிறு குழாய்க் கேமராவை நுழைத்துச் சுவரைச் சுற்றிலும் பாருங்கள். நல்ல குரோம் சீரான சாம்பல் நிறப் பளபளப்புடன் இருக்கும். மங்கிய திட்டுகள், கொப்புளம் போன்ற புடைப்புகள், அலுமினியத்தின் வெண்மை தெரியும் ஓட்டைகள் ஆகியவை கெட்ட அறிகுறிகள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். உரிதல் பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்குகிறது.

என்னுடைய டி3 மிலானுக்கு வெளியே ஒரு கொட்டகையில் பல குளிர்காலங்களைக் கடந்த வண்டி. அதை விற்றவர், ஒரு பட்டறையில் எல்லாம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்றார். ஆயிலை வடித்துவிட்டுச் சம்ப்பின் அடியில் தங்கிய கடைசிச் சொட்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் பிடித்தேன். கறுப்பு ஆயிலுக்கு நடுவே ஊசிமுனை அளவில் சில புள்ளிகள் மின்னின. விரல்களுக்கு இடையில் வைத்து உருட்டினால் அலுமினியத் தூள் மென்மையாக நசுங்கும். இவை நசுங்கவில்லை, தோலைக் குத்தின. காந்தத்திலும் ஒட்டவில்லை. கேம் ஷாஃப்ட்டிலிருந்தோ டேப்பட்டிலிருந்தோ வந்த எஃகுத் துகள் என்றால் காந்தம் இழுத்திருக்கும். அது குரோம்தான் என்பதில் ஐயமே இல்லை. அந்தச் சோதனைக்கு ஒரு துணியும் ஒரு காந்தமும் தவிர வேறு எதுவும் செலவாகவில்லை. அன்றைக்கு அதைச் செய்யாமல் என்ஜினை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

பூச்சு உரிந்திருந்தால் தீர்வு ஒன்றுதான்: நிக்காசில் (நிக்கலும் சிலிகான் கார்பைடும் சேர்ந்த) பூச்சுடைய புதிய சிலிண்டர்களையும் அவற்றுக்கு இணையான பிஸ்டன்களையும் போடுவது. மாந்தெல்லோவிலேயே உள்ள ஜிலார்தோனி நிறுவனம் இந்த என்ஜினுக்கான 83 மி.மீ. செட்டுகளைத் தயாரிக்கிறது. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் ஏ, பி, சி என்று அளவுத் தரம் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் ஒரே எழுத்து இருக்கிறதா என்று பார்த்தே பொருத்த வேண்டும். சிலிண்டர்கள் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் என்ஜினைச் சட்டகத்திலிருந்து இறக்காமலே இந்த வேலையைச் செய்யலாம் என்பது இந்த வடிவமைப்பின் பெரிய வசதி. ஆனால் ஆயிலில் செதில்கள் கலந்து சில நூறு கிலோமீட்டராவது ஓடிய வண்டி என்றால், சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் செல்லும் ஆயில் பாதையில், ஒரு திருகால் மூடப்பட்ட குழிவில், கசடு தேங்குகிறது. செதில்களும் அங்கேதான் சேர்கின்றன. கிராங்கை வெளியே எடுத்து, அந்தத் திருகைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேரிங்குகளையும் அளந்து பார்த்த பிறகே புதிய சிலிண்டர்களைப் பொருத்துவது நேர்மையான வேலை.

இரண்டாம் படி: ஆயில், ஃபில்ட்டர், சம்ப்

மாற்றத்தக்க ஆயில் ஃபில்ட்டர் டி3யில்தான் வந்தது. அதற்கு முந்தைய வகைகளில் கம்பிவலை மட்டுமே இருந்தது. ஆனால் ஃபில்ட்டரைச் சம்ப்புக்கு உள்ளே வைத்துவிட்டதால், அதை மாற்ற வேண்டுமானால் சம்ப் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கிறது. கையேட்டின்படி ஆயிலை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், ஃபில்ட்டரை 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மாற்றினால் போதும். புதிதாகக் கைக்கு வந்த வண்டியில் அந்தக் கணக்கைப் பார்க்காமல் உடனே சம்ப்பைக் கழற்றிவிடுவதே சரி.

என்ஜின் ஓட்ட உகந்த நிலையில் இருப்பது உறுதியானால், சிறிது சூடாக்கிய பிறகு ஆயிலை வடியுங்கள்; ஐயம் இருந்தால் குளிர்ந்த நிலையிலேயே பொறுமையாக ஓர் இரவு முழுவதும் வடியவிடுங்கள். சம்ப்பைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி இறக்கியதும், ஃபில்ட்டரும் அதன் அருகில் கம்பிவலையும் தெரியும். வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுங்கள். என் வண்டியில் அந்த வலையின் கால்வாசிப் பரப்பைச் சிவப்பு நிறச் சிலிகான் பசை அடைத்திருந்தது. கசிவை நிறுத்துவதற்காக யாரோ கேஸ்கெட்டின் மீது தாராளமாகப் பூசிய பசை, உள்பக்கம் பிதுங்கி, உடைந்து, ஆயில் பம்ப்பின் வாய்க்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் இந்த என்ஜினின் எந்த மூலையிலும் சிலிகான் பசையைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு முகங்களையும் சுத்தமாகத் துடைத்து, புதிய கேஸ்கெட்டை வைத்து, அளவோடு இறுக்கினால் கசிவு இருக்காது.

புதிய ஃபில்ட்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையால் இறுக்கிய பிறகு, அதன் உடலைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை மாட்டி, கிளிப்பின் திருகுத் தலை பக்கத்துச் சுவரில் முட்டும்படி நிறுத்திவிடுங்கள். அதிர்வில் ஃபில்ட்டர் தானாகக் கழன்று, கண்ணுக்குத் தெரியாமல் சம்ப்புக்குள்ளேயே அழுத்தம் கசிந்து, பேரிங்குகள் பழுதான கதைகளைக் குட்ஸி வைத்திருப்பவர்கள் பலரும் அறிவார்கள். இந்த ஒரு கிளிப் அதைத் தடுத்துவிடும்.

சம்ப்பை மூடியதும் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஏறத்தாழ 3 லிட்டர் பிடிக்கும். அளவுக் குச்சியை முழுவதும் திருகி உள்ளே செலுத்தி, பிறகு வெளியே எடுத்துத்தான் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சும்மா வைத்து எடுத்தால் மட்டம் தவறாகத் தெரியும். இதே மூச்சில் கியர்பாக்ஸின் 0.75 லிட்டரையும், பின்சக்கர டிரைவ் பெட்டியின் 0.25 லிட்டரையும் மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் எஸ்.ஏ.இ. 80டபிள்யூ-90 கியர் ஆயில் பொருந்தும். பின்பெட்டிக்கு மட்டும் அந்த 250 மி.லி.யில் 20 மி.லி. அளவுக்கு மாலிப்டினம் கலந்த சேர்க்கையைச் சேர்க்கும்படி கையேடு சொல்கிறது. பலர் விட்டுவிடும் இந்தச் சிறு அளவுதான் உள்ளே உள்ள கூம்புப் பற்சக்கரங்களைக் காக்கிறது. ஆயிலை ஊற்றி முடித்த பிறகு, கிராங்க் கேஸிலிருந்து மேலே செல்லும் மூச்சுக் குழாயின் ரப்பரை வளைத்துப் பாருங்கள். அது விறைத்து வெடித்திருந்தால் என்ஜினின் பின்புறம் முழுவதும் ஆயில் படியும். அதை ஆயில் சீல் கசிவு என்று தவறாக எண்ணி என்ஜினையே இறக்கியவர்கள் உண்டு.

மூன்றாம் படி: டேப்பட் இடைவெளி

என்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தைய நாள் இரவிலிருந்து ஓடாத வண்டி என்றால் சிறப்பு. ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) மூடியைக் கழற்றும்போது கொஞ்சம் ஆயில் வழிந்து சைலென்சர் குழாயில் விழும் என்பதால் அடியில் துணி போட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸும் என்ஜினும் சேரும் மணி வடிவ உறையின் வலப்பக்கத்தில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு விளக்கடித்துப் பார்த்தால் ஃபிளைவீலின் விளிம்பு தெரியும். சக்கரத்தை மெல்லச் சுழற்றினால் அதில் வெட்டப்பட்ட கோடுகளும் எழுத்துகளும் வரும். 'டி' (D) என்பது 'டெஸ்ட்ரா', அதாவது வலது; 'எஸ்' என்பது 'சினிஸ்ட்ரா', இடது. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் வலமும் இடமுமே இங்கே கணக்கு. 'டி' கோடு துளையின் குறியோடு நேராக நிற்கும்போது வலது பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. ஆனால் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருவதால், இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் அது அழுத்தத்தின் முடிவு, நமக்கு வேண்டிய நிலை. ஏதேனும் ஒன்று இறுக்கமாக இருந்தால் ஃபிளைவீலை இன்னும் ஒரு முழுச் சுற்று சுழற்ற வேண்டும்.

டி3க்கு இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.22 மி.மீ. இடைவெளி. ஃபீலர் கேஜின் தகட்டை வால்வின் தண்டுக்கும் ராக்கரின் திருகுக்கும் நடுவே நுழைத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை மெல்லத் திருப்புங்கள். தகடு நகரும்போது பட்டுத் துணிக்கு நடுவிலிருந்து இழுப்பதுபோல் மெல்லிய, சீரான தடை கைக்குத் தெரிய வேண்டும். திருகு திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கிய பின் மறுபடியும் தகட்டை நுழைத்துப் பார்ப்பது கட்டாயம், ஏனெனில் இறுக்கும்போது இடைவெளி சற்றே மாறக்கூடும். 0.25 தகடு நுழையாமலும் 0.20 தகடு தாராளமாகவும் போனால் வேலை சரி. இந்த என்ஜினில் டேப்பட் சிறிது சத்தமிடுவது இயல்பு. சத்தத்தைக் குறைப்பதற்காக இடைவெளியைச் சுருக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு முழுவதும் மூடாமல் கருகிவிடும். இடது சிலிண்டருக்கு 'எஸ்' கோட்டைப் பயன்படுத்தி இதையே செய்யுங்கள்.

நான்காம் படி: இக்னிஷன் பாயிண்ட்டுகள்

டி3யில் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் மரெல்லி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு பாயிண்ட் செட்டுகள் (மின்னோட்டத்தைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனைகள்) உள்ளன, சிலிண்டருக்கு ஒன்று. பாயிண்ட்டின் முகத்தில் குழியும் மேடும் விழுந்திருந்தால் அரத்தால் தேய்த்துச் சமன்செய்வதைவிட மாற்றிவிடுவதே மேல். முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.37 முதல் 0.43 மி.மீ. வரை இருக்கலாம், இரண்டுக்கும் அதே அளவை வைக்க வேண்டும். கேம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஃபெல்ட் துண்டில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். அது காய்ந்துபோனால் பாயிண்ட்டில் கேம்மோடு உரசும் நார்க்கால் தேய்ந்து, இடைவெளி மூடி, டைமிங் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகும்.

இடைவெளியை வைத்த பிறகே டைமிங். முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பி வலது சிலிண்டரின் டைமிங்கை ஃபிளைவீல் குறியோடு பொருத்த வேண்டும். அதைப் பூட்டியபின், உள்ளே உள்ள தட்டை மட்டும் நகர்த்தி இடது சிலிண்டரைச் சரிசெய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கலையும். டைமிங் லைட்டால் இரண்டு சிலிண்டரையும் தனித்தனியே பார்த்து, வேகம் கூடும்போது குறி தாவாமல் சீராக முன்னேறி நிற்கிறதா என்று கவனியுங்கள். தாவினால் அடியில் உள்ள எடைகளின் ஸ்பிரிங்கோ, டைமிங் செயினோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஐந்தாம் படி: கார்புரேட்டர்கள்

டி3யில் டெல்லோர்த்தோ நிறுவனத்தின் 30 மி.மீ. வி.எச்.பி. வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு உள்ளன. அமைப்பில் மிக எளியவை. நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகிச் சிறு ஜெட்டை (பெட்ரோல் செல்லும் நுண்துளைத் திருகை) அடைத்திருக்கும். ஜெட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். துளைக்குள் கம்பியை நுழைக்காதீர்கள். இக்காலத்து எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் உப்பவைப்பதால், அவை அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுவது நல்லது.

பிறகு இரண்டையும் ஒன்றுபோல் இயங்கவைக்க வேண்டும். என்ஜினைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, இரண்டு கேபிள்களுக்கும் சற்றுத் தளர்வு கொடுத்து, ஐடில் திருகுகளையும் காற்றுத் திருகுகளையும் மாறிமாறித் திருப்பி, வேக்குவம் கேஜ் இரண்டிலும் ஒரே அளவு காட்டும்படி செய்யுங்கள். ஐடில் சரியான பிறகு 2,000 சுற்றுக்கு உயர்த்திப் பிடித்து, கேபிள்களின் அட்ஜஸ்டரால் மறுபடி சமன்செய்யுங்கள். ஐடிலில் சமமாக இருந்தாலும் கைப்பிடியைத் திருப்பும்போது ஒரு ஸ்லைடு முந்திக்கொண்டால், வண்டி குறைந்த வேகத்தில் உதறும். சமன்செய்யவே முடியாமல் போனால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, இன்லெட் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டேப்பட்டுக்குத் திரும்புங்கள்.

மின்சாரம்

கிராங்க்கின் முன்முனையில் பாஷ் நிறுவனத்தின் 14 வோல்ட், 13 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மீட்டர் பலகையில் உள்ள சிவப்பு விளக்கின் பல்பைத்தான். ரோட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் அந்தப் பல்பின் வழியாகவே செல்வதால், பல்ப் எரிந்துபோனால் சார்ஜும் நின்றுவிடும். பல்ப் நன்றாக இருந்தால் கார்பன் பிரஷ்களையும், ஸ்லிப் ரிங்குகளுக்கு இடையே ரோட்டரின் தடையையும் பாருங்கள். அது 3 முதல் 4 ஓம் வரை இருக்க வேண்டும். டயோடு பலகை ரப்பர் தாங்கிகளில் நிற்கிறது. ரப்பர் கிழிந்தால் எர்த் தொடர்பு போய்விடும் என்பதால், பலகையிலிருந்து என்ஜின் உறைக்குத் தனியாக ஒரு எர்த் வயரை இணைத்துவிடுவது பத்து நிமிட வேலை. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும்போது 'டிக்' என்ற ஒலி மட்டும் வருகிறது, பேட்டரியும் நன்றாகவே இருக்கிறது என்றால், பழைய இக்னிஷன் ஸ்விட்ச் வழியாகச் செல்லும்போது வோல்டேஜ் விழுகிறது. ஸ்டார்ட்டருக்கு ஒரு ரிலே போட்டால் தீரும்.

பிரேக்

டி3யின் பிரேக் அமைப்பை அறியாமல் அதில் கைவைப்பது ஆபத்து. காலால் மிதிக்கும் பெடல் பின்டிஸ்க்கையும், முன்சக்கரத்தின் இடது டிஸ்க்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. கை லீவர் முன்சக்கரத்தின் வலது டிஸ்க்கை மட்டுமே பிடிக்கிறது. ஆகவே கை லீவர் பலவீனமாக இருப்பதாகத் தோன்றுவது குறைபாடு அல்ல. நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி பெடலில் இருப்பதால், அதன் குழாய்களும் சீல்களும் சிறிதும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். அப்போது பிரேக் பிடித்துவிட்டு விடாது. வயது தெரியாத ஹோஸ் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பிரெம்போ காலிப்பர்களுக்கான சீல் செட்டுகள் இன்றும் கிடைக்கின்றன.

டாட் 4 திரவத்தை நிரப்பிக் காற்றை வெளியேற்றும்போது, முன் இடது காலிப்பருக்குச் செல்லும் நீண்ட பாதை உங்கள் பொறுமையைச் சோதிக்கும். பின்புறத்திலிருந்து ஹேண்டில்பார் அருகே ஏறி மறுபடி இறங்கும் அந்தப் பாதையின் உயரமான இடத்தில் காற்றுக் குமிழி தங்கிவிடுகிறது. குழாயை விரலால் தட்டித் தட்டி, இடைவெளிவிட்டு, பல சுற்றுகள் செய்ய வேண்டும். பெடலைக் கட்டி அழுத்தி ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் செய்தால் மிச்சக் காற்றும் வந்துவிடும். பெடல் கல் மாதிரி நிற்கும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

ஷாஃப்ட்டும் கிளட்சும்

ஸ்விங் ஆர்மின் வலது கைக்குள் ஓடும் ஷாஃப்ட்டின் முன்னால், ரப்பர் உறைக்குள், யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. அதற்குக் கிரீஸ் ஏற்றும் வழியில்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டும். கால் வைக்கும் கம்பியில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஒரு துடிப்பு தெரிந்தால் இதையும் அருகிலுள்ள பேரிங்கையும் சந்தேகிக்கலாம். பின்டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும், சக்கரத்துக்கும் டிரைவ் பெட்டிக்கும் இடையே உள்ள பற்களுக்கு மாலிப்டினம் கிரீஸ் தடவுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கிளட்ச், கார்களில் இருப்பதைப் போன்ற உலர் வகை. ஃபிளைவீலுக்குள் இரண்டு தட்டுகள், எட்டு ஸ்பிரிங்குகள். அது வழுக்கினால் கிராங்க்கின் பின் ஆயில் சீல் கசிந்து தட்டு நனைந்திருக்கக்கூடும். அங்கே போய்ச் சேர வேண்டுமானால் தோந்தியின் சட்டகம் கைகொடுக்கிறது. அதன் கீழ்க் குழாய்கள் இரண்டும் போல்ட்டால் பிணைக்கப்பட்டவை என்பதால், அவற்றைக் கழற்றிவிட்டு, தட்டையான சம்ப்பின் மீது என்ஜினை நிறுத்தி, சட்டகத்தை மேலே தூக்கி எடுத்துவிடலாம். தூக்க இரண்டு பேர் வேண்டும். கிளட்சைப் பிரிக்கும்போது ஃபிளைவீலில் உள்ள குறியும் அழுத்தத் தட்டில் உள்ள குறியும் நேர்நேராக இருப்பதைக் கவனித்து, திரும்பப் பூட்டும்போதும் அப்படியே வையுங்கள். அவை சேர்ந்தே சமன்செய்யப்பட்டவை. ஃபிளைவீல் போல்ட்டுகளை மட்டும் பழையதைப் போடாமல் புதிதாக வாங்குங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தால், முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும், என்ஜின் குளிர்ந்த நிலையில், ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நட்டை மட்டும் கால் சுற்றுத் தளர்த்தி, 4 முதல் 4.2 கிலோகிராம் மீட்டர், அதாவது ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் விசைக்கு இறுக்கி, குறுக்குமறுக்காக அடுத்த நட்டுக்குச் செல்லுங்கள். கேஸ்கெட் அமுங்கியதால் டேப்பட் இடைவெளி குறைந்திருக்கும். எனவே மூன்றாம் படியை மறுபடியும் செய்ய வேண்டும். அன்றைக்கே ஆயிலையும் வடித்துவிடுங்கள். கடைசிச் சொட்டுகளை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். புதிய ரிங்குகள் படிந்ததால் வந்த மென்மையான சாம்பல் பொடி கொஞ்சம் இருக்கலாம். குத்தும் துகள் எதுவும் இல்லையென்றால் புதிய ஆயிலை ஊற்றி மூடிவிட்டு, மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த ஆயில் மாற்றம் அதிலிருந்து 3,000 கிலோமீட்டரில்.